ஆவி மிஷினைக் கண்ணாடிக் கடையில் கழுவலாமா, கூடாதா?

உப்போடைப்பட்டியில் ஒரு பட்டிமன்றக் குழு உண்டு. பெயர் ‘சொல்மாரி பட்டிமன்றக் குழு’. மொத்தம் ஐந்து பேர். நடுவர் வைரவசுந்தரம் ஐயா நடுவில் உட்காருவார். உரக்கடை மலைக்கொழுந்துவும் தையல்கடை சௌந்தரவல்லியும் எப்போதும் ‘ஆம்’ அணி. மைக்செட் இன்னாசிமுத்துவும் பால் சொசைட்டி ஒச்சப்பனும் எப்போதும் ‘இல்லை’ அணி. தலைப்பு எதுவானாலும் அணி மாறாது. இன்னாசிமுத்துவின் கல்யாணத்தில் பாதிரியார், ‘இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?’ என்று கேட்டபோது, அவர் பழக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்லி, அதற்கு மூன்று காரணங்களையும் அடுக்கிவிட்டார். கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. மாமனார் மட்டும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இவர்கள் எதையும் விவாதிக்காமல் செய்ய மாட்டார்கள். ஒரு தடவை மலைக்கொழுந்துவின் வைக்கோல்போர் தீப்பிடித்துக்கொண்டது. ‘தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா?’ என்று இரண்டு அணியும் அங்கேயே எதிரெதிராக நின்றுவிட்டன. ஆளுக்கு எட்டு நிமிஷம். ‘ஊற்றலாம்’ என்று நடுவர் தீர்ப்புச் சொன்னபோது வைக்கோல்போர் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. மலைக்கொழுந்துவுக்கு அதில் வருத்தமே இல்லை. அவர் அணி ஜெயித்திருந்தது.

நான் நடுவரின் பக்கத்து வீட்டுக்காரன். நடந்ததெல்லாம் நான் சுவரோரம் நின்று பார்த்தது. இட்டுக்கட்ட எனக்கு அவ்வளவு மூளை கிடையாது.

பங்குனித் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடுவருக்குக் குரல் போய்விட்டது. ஒரு காதுகுத்து வீட்டில் இரண்டரை மணி நேரம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வியர்வை அடங்குவதற்குள் மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் எழுந்து பேசினால் வெறும் காற்றுதான் வந்தது. அது சாதாரணக் குரல் இல்லை. அவர் வீட்டில் காபி கேட்டால் மூன்றாவது தெருவில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

விழாக் கமிட்டித் தலைவர் வந்து பார்த்தார். வருத்தமாகத்தான் பேசினார், ஆனால் சுற்றி வளைக்கவில்லை.

“ஐயா, இது ஒங்களுக்கு இருவத்தஞ்சாவது வருசம். எங்களுக்கும் ஆசதான். ஆனா ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்கு நீங்க பேசலேன்னா, மேடைய ஆடல் பாடல் குழுவுக்குக் குடுத்துருவோம். இந்த வருசம் மட்டுமில்ல, இனிமே எல்லா வருசமும்.”

அவர் போனதும் நடுவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருபத்தைந்து வருஷமாக அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அந்த மனுஷர் மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் இருமாமல் இருந்தார்.

டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார். “மூணு நாளைக்கு வாயே தெறக்கக் கூடாது. தெனம் மூணு வேள ஆவி பிடிங்க. சரியாப் போயிரும்.”

வாயே திறக்கக் கூடாது என்று சொன்ன பிறகு கஞ்சி எப்படிக் கொடுப்பது? இதை ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இன்னாசிமுத்து, நடுவரின் உதட்டின் வலது ஓரத்தை மட்டும் சுண்டுவிரலால் விலக்கி, காது மருந்து விடும் சொட்டுக்குழாயால் சொட்டுச் சொட்டாகக் கஞ்சியை விட்டார்.

“வாய் தெறக்கல. ஓரந்தான் தெறந்துச்சு. டாக்டரு ஓரத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லல” என்றார். காலைக் கஞ்சி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. மத்தியானக் கஞ்சியை உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது ஆவி. நடுவர் வீட்டில் ஆவி பிடிக்கும் மிஷின் ஒன்று இருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா, மேலே ஒரு மூடி, மூக்கையும் வாயையும் பொத்துகிற மாதிரி ஒரு கூம்பு, உள்ளே சூடேறுகிற இரண்டு தகடு, பின்னால் வயர். தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் ஆவி வர வேண்டும். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்றால், ஒரு வருஷம் குளித்தவன் தலையில் சீப்பு இறங்காது. அந்தத் தண்ணீரையே ஊற்றி ஊற்றித் தகடு இரண்டும் உப்பு படிந்து சுண்ணாம்புக் கட்டியாகியிருந்தன. சுவிட்சைப் போட்டதும் மிஷின் லொடக்கு லொடக்கு என்றது. ஊதுவத்திப் புகை அளவுக்கு ஓர் இழை ஆவி வந்தது. அதையும் ஒச்சப்பன் குனிந்து பார்க்கப்போய் அவர் மூக்குக்குள் போய்விட்டது.

நடுவரின் மனைவி, மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். அந்த அம்மாள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

“இதக் கழுவணும்” என்றார் சௌந்தரவல்லி. “ரெஜினா மூக்குக்கண்ணாடிக் கடையில ஒரு மிஷின் வச்சிருக்கால்ல, அல்ட்ராசானிக் கிளீனரு. என் கண்ணாடிய அதுல போட்டு எடுத்தா. இத்தன நாளா எனக்குக் கண்ணுல பொரைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அது அம்புட்டும் கண்ணாடியில இருந்த அழுக்கு. அதுல போட்டு எடுத்துருவோம்.”

“கூடாது” என்றார் ஒச்சப்பன். ஏன் கூடாது என்று அவருக்கு அப்போது தெரியாது. அணிக்காகச் சொன்னார்.

அவ்வளவுதான். முற்றத்தில் ஐந்து நாற்காலி போட்டார்கள். இன்னாசிமுத்து ஓடிப்போய் மைக்கும் மணியும் கொண்டுவந்தார். நடுவரை எழுப்பிச் சால்வை போர்த்தி நடுவில் உட்காரவைத்தார்கள். தலைப்பைச் சௌந்தரவல்லி அறிவித்தார்: ‘ஆவி மிஷினைக் கண்ணாடிக் கடையில் கழுவலாமா, கூடாதா?’

முதலில் மலைக்கொழுந்து எழுந்தார்.

“நடுவர் அவர்களே! கண்ணாடி எங்கே இருக்கிறது? மூக்கின் மேல் இருக்கிறது. இந்த மிஷினின் கூம்பை எங்கே வைக்கிறோம்? அதே மூக்கின் மேல் வைக்கிறோம். ஒரே மூக்கில் குடியிருக்கிற இரண்டு பேரை ஒரே தொட்டியில் குளிப்பாட்டினால் என்ன தப்பு என்று கேட்கிறேன்!”

நான் ஒருவன்தான் பார்வையாளன். கை தட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒச்சப்பன் எழுந்தார். “நடுவர் அவர்களே! கண்ணாடி பார்ப்பதற்கு. அதனால் அழுக்குப் போனதா என்று பார்க்க முடிகிறது. ஆவி மிஷின் மூச்சிழுப்பதற்கு. இதில் அழுக்குப் போனதா என்று மூச்சிழுத்துத்தான் பார்க்க வேண்டும். அழுக்குப் போகாமல் இருந்தால், மூச்சிழுத்த நடுவர் என்ன ஆவார்? எதிரணியினர் நடுவரைக் கொல்லப் பார்க்கிறார்கள்!”

நடுவர் முகம் வெளிறிவிட்டது. சௌந்தரவல்லி தன் பங்குக்கு எட்டு நிமிஷம் தன் கண்ணாடியைப் பற்றியே பேசினார். இன்னாசிமுத்து, ‘என் மைக்கை நான் ஒருபோதும் கழுவியதில்லை, ஆனாலும் அது பேசுகிறது’ என்று சொல்லி உட்கார்ந்தார்.

மணி அடித்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நடுவர். நடுவருக்குக் குரல் இல்லை. குரல் வர ஆவி வேண்டும். ஆவி வர மிஷினைக் கழுவ வேண்டும். கழுவுவதற்குத் தீர்ப்பு வேண்டும்.

நடுவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, ‘கழுவலாம்’ என்று எழுதி நீட்டினார்.

சௌந்தரவல்லி அதைத் தொடவில்லை. “ஐயா, நீங்களே போட்ட சட்டம். நடுவர் வாயால சொன்னாத்தான் தீர்ப்பு. எழுதிக் குடுத்தா அது கடுதாசி.”

நடுவர் யோசித்தார். சட்டம் அவர் போட்டதுதான், நல்ல சட்டமும்கூட. பெருமையாகத் தலையாட்டிவிட்டுச் சீட்டை அவரே கிழித்துப் போட்டார்.

கடைசியில், தீர்ப்பு இல்லாவிட்டாலும் சாட்சியையாவது விசாரிக்கலாம் என்று முடிவு செய்து, நான்கு பேரும் ரெஜினாவின் கடைக்குப் போனார்கள். ஒரு கண்ணாடி வாங்க வேண்டியிருந்ததால் நானும் போனேன். வாங்க வேண்டியிருக்காவிட்டாலும் போயிருப்பேன்.

ரெஜினா நிதானமான பெண். கடை மேஜையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு அந்த மிஷின் இருந்தது. உள்ளே சின்ன எவர்சில்வர் தொட்டி, அதில் தண்ணீர், மேலே ஒரு மூடி, முன்னால் ஒரு பட்டன்.

“இது எப்பிடிம்மா கழுவுது? பிரஷ்ஷு ஒண்ணையும் காணோமே” என்றார் மலைக்கொழுந்து.

“காதுக்குக் கேக்காத சத்தம்னு ஒண்ணு இருக்குண்ணே. அத இது தண்ணிக்குள்ள விடும். தண்ணியில பொடிப்பொடியாக் குமிழி கெளம்பி, இண்டு இடுக்குல இருக்க அழுக்கெல்லாம் தட்டி எடுத்துரும்.”

“ஆவி மிஷினக் கழுவலாமா?”

“முழுசாப் போடக் கூடாதுண்ணே. பிரிச்சு எடுத்துட்டு வாங்க. தனியாக் கழண்டு வர்ற உலோகம்னா தாராளமாப் போடலாம். பிளாஸ்டிக்கு, சும்மா ரெண்டு நிமிசம் வேணாப் போடலாம், ரொம்ப நேரம் போட்டா மங்கிப்போகும். வயரு, கரண்டு போற பாகம் எதுவும் தண்ணியில படவே கூடாது. கழுவுன பெறகு நல்லா அலசிக் காயவச்சுத்தான் மறுபடி பூட்டணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆனா வெறும் உப்புதான்னா இந்த மிஷினே வேணாமே. ஒரு எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு அர மணி நேரம் ஊறவச்சா தன்னால கரைஞ்சுரும்” என்றாள்.

நான்கு பேரும் சிரித்தார்கள். ஆமும் இல்லையும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

“தங்கச்சி, தலைப்புல எலுமிச்சம்பழம் இல்ல” என்றார் ஒச்சப்பன் அன்பாக.

ரெஜினா சொன்னபடியே ஓடிப்போய் மிஷினைக் கொண்டுவந்து, கடை மேஜையிலேயே பிரித்தார்கள். எவ்வளவு பிரிப்பது என்று அவள் சொல்லவில்லையே, அதனால் இனிப் பிரிக்க முடியாது என்கிற வரைக்கும் பிரித்தார்கள். மேஜைமேல் இருபத்திரண்டு உருப்படி பரந்து கிடந்தது. அதைக் குழு வழக்கப்படி இரண்டு அணிக்கும் பங்கு போட்டார்கள். டப்பா, மூடி, கூம்பு எல்லாம் ‘ஆம்’ அணிக்கு. தகடு, வயர், திருகாணி எல்லாம் ‘இல்லை’ அணிக்கு. ‘ஆம்’ அணி தன் பங்கைக் கழுவலாம். ‘இல்லை’ அணி தன் பங்கைத் தொடவிடாது.

“அண்ணே, உப்பு இருக்கதே அந்தத் தகட்டுலதான்” என்றாள் ரெஜினா.

“இருக்கலாம்மா. ஆனா எங்களுக்குன்னு ஒரு கொள்க இருக்கு” என்று இன்னாசிமுத்து தகடுகளைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

மலைக்கொழுந்துவுக்கு வேறொரு சிக்கல். டப்பா பெரியது, கிளீனர் சின்னது. டப்பா கிளீனருக்குள் போகவில்லை. அதனால் கிளீனரைத் தூக்கி டப்பாவுக்குள் வைத்தார். கனகச்சிதமாக உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றச் சொம்பைத் தேடும்போது ரெஜினா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

அவள் இந்தப் பக்கம் டப்பாவை வாங்கி வைப்பதற்குள் அந்தப் பக்கம் ஒச்சப்பன் கிளீனரைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருந்த தண்ணீரை எல்லாம் தரையில் ஊற்றிவிட்டார்.

“ஐயோ, என்னண்ணே பண்றீங்க!”

“நீதானம்மா சொன்ன, கரண்டு போற எதுலயும் தண்ணி படக் கூடாதுன்னு. ஒன் மிஷினுக்குக் கரண்டு போகுது. உள்ள பாத்தா தொட்டி நெறையத் தண்ணி! நல்லவேள, நான் பாத்தேன். யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா?”

ரெஜினா தரையைத் துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, மூடியையும் கூம்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம் என்று முதலில் கூம்பை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினாள். கிளீனர் ஜ்ஜ்ஜ் என்றது.

இன்னாசிமுத்து திடுக்கிட்டு எழுந்தார். “நிறுத்து! கேக்குது!”

“என்ன கேக்குது?”

“சத்தம் கேக்குதும்மா. காதுக்குக் கேக்காத சத்தம்னுதான நீ சொன்ன? கேக்காத சத்தந்தான் அழுக்க எடுக்கும். இது கேக்குது. அப்ப இது எடுக்காது.”

மலைக்கொழுந்து காதைக் கிளீனரிடம் கொண்டுபோனார். அவருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது. இப்படி எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் அழுக்கு எப்படிப் போகும்?

“கேக்கறது மிஷினோட இரைச்சல்ண்ணே. கழுவுற சத்தம் வேற” என்று ரெஜினா சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

சௌந்தரவல்லிதான் வழி கண்டுபிடித்தார். தையல்காரப் பெண்ணல்லவா, பையில் தலையணைக்கு அடைக்கிற பஞ்சு இருந்தது. தன் காதில் அடைத்துக்கொண்டார். மலைக்கொழுந்து காதில் அடைத்தார். நடுநிலை என்பதால் ‘இல்லை’ அணியும் அடைத்துக்கொண்டது. வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு அடைத்தார்கள். எனக்கு நீட்டியபோது நான் வேண்டாம் என்றேன். அதற்காக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இரண்டு நிமிஷம் கழித்துக் கூம்பை எடுத்தால் பளபள என்று இருந்தது. அது முதலிலும் பளபள என்றுதான் இருந்தது. ஆனாலும் சௌந்தரவல்லி பஞ்சை எடுத்துவிட்டு, “பாத்தீங்களா! காதுக்குக் கேக்காமப் பண்ணவும் எப்பிடி வேல செஞ்சிருச்சு!” என்றார். குலவை போடாத குறைதான்.

வீட்டுக்கு வந்து ரெஜினா சொன்னபடியே நன்றாக அலசினார்கள். போர்வெல் தண்ணீரில்தான் அலசினார்கள். வேறு தண்ணீர் ஏது? ஒரு பகல் முழுக்க மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார்கள். காய்ந்ததும் மூடி, கூம்பு, டப்பா எல்லாவற்றிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“அடேயப்பா, எம்புட்டு வெள்ள!” என்றார் மலைக்கொழுந்து. “நீலமா இருந்த டப்பா! கழுவுனா இப்பிடில்ல கழுவணும்!”

மறுபடி பூட்டியபோது ஏழு திருகாணி மிச்சம் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் வீட்டுப் பியூஸ் போனது. சனிக்கிழமை சாயந்தரம் ஆகிவிட்டது.

நடுவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன மூன்று நாளும் முடிந்திருந்தது. மெல்ல வாயைத் திறந்து பேசிப்பார்த்தார். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை உயர்ந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முட்டாள்தனமான வீடுதான், ஆனால் அந்த நிமிஷம் யாரும் முட்டாளாக இல்லை. நான்கு பேரும் அழுதார்கள். நானும்தான்.

முதலில் கண்ணைத் துடைத்தவர் மலைக்கொழுந்து. துடைத்தவர் அப்படியே சிலை மாதிரி நின்றார்.

“ஐயா பேசுறாரு” என்றார்.

“பேசுறாரு. கேக்கலியே” என்றார் சௌந்தரவல்லி.

“அதத்தான் சொல்றேன். பேசுறாரு. சத்தம் வெளிய வருது. ஆனா காதுக்குக் கேக்கல!”

நான்கு பேரும் ஒரே நேரத்தில் நடுவர் காலில் விழுந்தார்கள்.

ஐயாவின் குரல் போகவே இல்லை! இருபத்தைந்து வருஷம் பேசிப் பேசி, அது சாதாரணக் குரலைத் தாண்டி, அழுக்கை எடுக்கிற கண்ணாடிக் கடைக் குரலாக ஆகிவிட்டது! ‘இல்லை’ அணிக்குக்கூட முதலில் மறுப்புத் தோன்றவில்லை. ஒச்சப்பன்தான் சுதாரித்துக்கொண்டு, “சோதன வேணும்” என்றார். பால் சொசைட்டியிலிருந்து தன் பால் கேனைத் தூக்கிவந்து நடுவர் முன்னால் வைத்தார். அந்தக் கேன் அலுமினியம் என்பது ஒச்சப்பனுக்கே அவருடைய அப்பா சொல்லித்தான் தெரியும்.

எல்லோரும் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். நடுவர் கேனைப் பார்த்து ஐந்து நிமிஷம் உணர்ச்சியோடு பேசினார். கேன் அப்படியே இருந்தது.

“பெரிய பாத்தரம். நேரமாகும்” என்றார் மலைக்கொழுந்து.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒச்சப்பனுக்குக் கை பரபரத்தது. கொஞ்சம் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, நடுவர் பேசப்பேசக் கேனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து அலசிப் பார்த்தால் கேன் ஜொலித்தது. ஒச்சப்பன் அதில் தன் முகத்தைப் பார்த்து, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பயந்து கையை எடுத்தார்.

“ஒப்புக்கிறேன்” என்றார். பட்டிமன்ற வாழ்க்கையில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆறு மணி. கோயில் திடல் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் ஆடல் பாடல் குழு ஜிகினாச் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றது. தலைப்பு, ‘ஊர் முன்னேற உழைப்பு மட்டும் போதுமா, போதாதா?’ நான்கு பேரும் பேசி முடித்தார்கள். நடுவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒருவன் விசில் அடித்தான். கமிட்டித் தலைவர் எழுந்து, ஆடல் பாடல் குழுவுக்குக் கையைக் காட்டினார்.

சௌந்தரவல்லி பாய்ந்து மைக்கை வாங்கினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! ஐயா பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க! கேட்டா வேல செய்யாது!”

ஒச்சப்பன் பால் கேனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மேடை விளக்கில் அது மின்னியது. ஊரில் அந்தக் கேனைத் தெரியாதவர்கள் கிடையாது. அதில் வந்த பாலைத்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தோம். திடலே வாயைப் பிளந்தது.

முதலில் ஒரு பெண் எழுந்து வீட்டுக்கு ஓடினாள். பிறகு அவள் தெருவே ஓடியது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், குண்டானும் குத்துவிளக்கும் சாம்பலும் புளியுமாக. சௌந்தரவல்லி ஒரு தலையணையைப் பிரித்து வரிசையாகப் பஞ்சு கொடுத்துக்கொண்டே போனார். நடுவர் பேசினார். கையை வீசினார், கண் கலங்கினார், மேஜையைத் தட்டினார். முக்கால் மணி நேரம். கூட்டம் தலையை நிமிர்த்தாமல் தேய்த்தது. கமிட்டித் தலைவரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கோயிலின் பெரிய மணியை இறக்கித் தேய்த்தார்.

உழைப்பு போதுமா, போதாதா என்று அன்று என்ன தீர்ப்பு வந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி உப்போடைப்பட்டியில் ஒரு அழுக்குப் பாத்திரம்கூட இல்லை. கமிட்டித் தலைவர் நடுவருக்கு மாலை போட்டு, “ஐயா, நீங்க இருக்கவரைக்கும் இந்த மேட ஒங்களுக்குத்தான்” என்றார். நடுவர் பதிலுக்கு என்னவோ சொன்னார். மாலையில் இருந்த ஜரிகை சுத்தமாகியிருக்கும்.

நான் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. தேய்க்கவும் இல்லை. அதனால் என் கண்ணாடி மட்டும் அழுக்காகவே இருந்தது.

திங்கட்கிழமை நடுவரின் மனைவி வந்தார். வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆவி மிஷினைச் சரியாகப் பூட்டவைத்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து, தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்தார். உப்பு கரைந்தது, ஆவி வந்தது. மூன்று நாள் ஆவி பிடித்த பிறகு, வியாழக்கிழமை காலையில் நடுவர், “காபி!” என்றார். மூன்றாவது தெருவில் அடுப்பு பற்றவைத்தார்கள்.

குழு ஓடிவந்தது. வாசலிலேயே சௌந்தரவல்லி இடிந்துபோய் உட்கார்ந்தார்.

“போச்சே! ஐயா கொரலு எல்லாருக்கும் கேக்க ஆரம்பிச்சிருச்சே!”

நடுவருக்கும் துக்கம் தாங்கவில்லை. “எல்லாம் இந்த எலுமிச்சம்பழத்தால வந்தது” என்று மனைவியைக் கடிந்துகொண்டார். கேட்காத குரல் மறுபடி வர எத்தனை ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. பாதியில்தான் இன்னாசிமுத்துவுக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது.

இப்போது மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கோயில் திடலில் பட்டிமன்றம். நடுவர் பழைய குரலில், தொண்டை கிழிய, மைக்கோடு பேசுகிறார். ஊரே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மடியில் பாத்திரத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் காதிலும் ஒரு வார்த்தை விழுவதில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் அண்டா ஏற்றிக்கொண்டு வண்டி கட்டி வருகிறார்கள்.

ரெஜினா ஒருத்தியாவது தெளிவாக இருக்கிறாளே என்று நான் நினைத்திருந்தேன். போன மாதம் பார்த்தால் அவளும் முன்வரிசையில், இரண்டு காதிலும் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் கடை அல்ட்ராசானிக் கிளீனர்.

“என்னம்மா, நீயுமா?” என்று சைகையில் கேட்டேன்.

பஞ்சைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு சொன்னாள்: “ஊரு அழுக்கெல்லாம் இதுல கழுவுறோம்ண்ணே. இத எதுல கழுவுறதாம்?”